கிளிசரால்: இல்லாத உபரியும் இருக்கிற அழுக்கும்

பத்து லிட்டர் பயோடீசல் தயாரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கிளிசரால் கூடவே வந்து நிற்கும். இந்தச் சின்னக் கணக்கிலிருந்து ஒரு பெரிய நம்பிக்கை கிளம்பி, கல்லூரிக் கருத்தரங்கு, தொழில்முனைவோர் பயிற்சி, மானியம் கேட்கும் திட்ட அறிக்கை என்று போகிற இடமெல்லாம் உலவிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுக்கப் பயோடீசல் பெருகுகிறது, அதனால் கிளிசரால் குவிகிறது, வாங்க ஆளில்லை, ஆகவே அது கழிவு. நல்ல வினையூக்கி ஒன்று மட்டும் கையில் கிடைத்துவிட்டால் அந்தக் கழிவு புரோப்பிலீன் கிளைகாலாகும், அக்ரிலிக் அமிலமாகும், லாக்டிக் அமிலமாகும். டீசலைவிட அதுவே கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுக்கும். பெருந்தொழில் எட்டிப் பார்க்காத புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு இதுவே வழி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பழைய எண்ணெயைச் சேகரித்து டீசலாக்குவோம், மிஞ்சும் கிளிசராலை இங்கேயே வேதிப்பொருளாக்குவோம், கழிவே இல்லாத தொழில் என்கிறார்கள்.

இந்த வாதத்தில் வேதியியல் சரி. பொருளியல் தவறு. புவியியல் அதைவிடத் தவறு. இந்தியாவில் கிளிசரால் உபரியே கிடையாது. பயோடீசல் கிளிசராலுக்கு விலை கிடைக்காமல் போவதற்கு வினையூக்கி இல்லாதது காரணமும் அல்ல. அதில் கலந்திருக்கும் உப்பும் சோப்பும், அதைச் சுமந்து செல்ல வேண்டிய தூரமும்தான் காரணம். வினையூக்கியால் நமக்கு நன்மை உண்டு. ஆனால் அதைக் கிளிசரால் பிறந்த பிறகு அல்ல, பிறப்பதற்கு முன்பே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

முதலில் உபரி என்ற கதை எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் உயிரி எரிபொருளுக்கு இலக்கு வைத்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கடுகு எண்ணெய் ஆலைகள் பயோடீசல் பக்கம் திரும்பின. அமெரிக்காவில் சோயா எண்ணெய்க்கு வரிச்சலுகை வந்தது. அதுவரை சோப்புத் தொழிலின் துணைப்பொருளாக அளவோடு வந்துகொண்டிருந்த கிளிசரால் திடீரென வெள்ளமாக வந்தது. 2006 வாக்கில் அங்கே கச்சாக் கிளிசரால் ராத்தல் சில சென்ட்டுக்கு விழுந்தது. புரோப்பிலீனிலிருந்து செயற்கையாகக் கிளிசரால் செய்துவந்த டௌ நிறுவனம் அதே ஆண்டு டெக்சஸில் தன் ஆலையை மூடியது. அதற்கு முன்பே, 2004-ல், அமெரிக்க எரிசக்தித் துறை தாவரப் பொருள்களிலிருந்து பெறத்தக்க பன்னிரண்டு அடிப்படை வேதிப்பொருள்களின் பட்டியலில் கிளிசராலைச் சேர்த்திருந்தது. ஆய்வுப் பணம் வந்தது. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. அந்தக் கட்டுரைகளின் முதல் பத்தி அன்றைய அமெரிக்க, ஐரோப்பிய நிலவரத்தைச் சொன்னது. அதே பத்தியை இருபது ஆண்டு கழித்தும் இங்கே திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் எழுதும் ஆய்வேடுகள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. ஆண்டும் மாறவில்லை, நாடும் மாறவில்லை.

இங்கே நிலவரம் என்ன? 2023 பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை ஒரு சின்ன அறிவிப்பைச் செய்தது. எபாக்சி ரெசினுக்கு மூலப்பொருளான எபிகுளோரோஹைட்ரின் தயாரிப்பதற்காக இறக்குமதி செய்யப்படும் கச்சாக் கிளிசரின் (அதாவது கச்சாக் கிளிசரால்) மீதான அடிப்படைச் சுங்கவரி ஏழரை சதவீதத்திலிருந்து இரண்டரை சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உபரியில் மூழ்கிக் கிடக்கும் நாடு அதே பொருளை வெளியிலிருந்து வரவழைக்க வரியைக் குறைக்குமா? குறைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு குஜராத்தின் தஹேஜில் மேக்மணி ஃபைன்கெம் நிறுவனம், இப்போது எபிக்ரல் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், கிளிசராலிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்யும் ஆலையைத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு 50,000 டன் கொள்ளளவு. அதே பரூச் மாவட்டத்தில் கிராசிமும் டிசிஎம் ஸ்ரீராமும் கிட்டத்தட்ட அதே அளவுத் திட்டங்களோடு வேலையில் இறங்கின. ஒரு டன் எபிகுளோரோஹைட்ரினுக்குக் குறைந்தது ஒரு டன் கிளிசரால் வேண்டும். இரண்டின் மூலக்கூறு எடையும் ஏறத்தாழ ஒன்று.

இப்போது நாட்டின் பயோடீசலைப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி லிட்டர் என்பது அண்மைக்கால மதிப்பீடு. 2030-க்குள் ஐந்து சதவீதம் கலப்போம் என்று 2018 உயிரி எரிபொருள் கொள்கை சொன்னது. இன்னும் ஒரு சதவீதத்தையே தொடவில்லை. அந்த 20 கோடி லிட்டரிலிருந்து வருகிற கிளிசராலை ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுத்தாலும் பதினெட்டாயிரம் டன்னுக்கு மேல் போகாது. தஹேஜ் ஆலை ஒன்றின் பசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மருந்து, பற்பசை, அழகுப்பொருள், பெயின்டுக்கான ரெசின், வெடிமருந்து எல்லாம் இதற்கு மேல் கேட்டு நிற்கின்றன. நீலகிரியின் அரவங்காட்டில் 1904 முதல் கார்டைட் செய்யும் தொழிற்சாலைக்குக்கூட நைட்ரோகிளிசரின் இல்லாமல் வேலை நடக்காது. இந்தியா கிளிசராலை இறக்குமதி செய்யும் நாடு. உபரிக் கிளிசராலை என்ன செய்வது என்ற கேள்வியை இங்கே கேட்பதே பொருந்தாது.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: உலக உபரி இந்தியாவின் உபரியும்தானே? இந்தோனேசியாவில் 2025 முதல் டீசலில் நாற்பது சதவீதம் பாமாயில் பயோடீசல். அங்கே குவிகிற கிளிசரால் கப்பலேறி நம் துறைமுகத்துக்கு வருகிறது. அதனால் விலை தாழ்கிறது. உண்மை. ஆனால் அந்த உண்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? கிளிசரால் விலையைத் தீர்மானிப்பது இந்தோனேசிய அரசின் கலப்புச் சட்டமும் மலேசியப் பனைத் தோட்டமும் என்றால், புதுக்கோட்டையில் தொடங்கும் ஆலையின் லாபமும் அவர்கள் கையில்தான். அங்கே சட்டம் மாறினால் இங்கே கணக்கு மாறும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்சைலில் 2010-ல் பயோஎம்சிஎன் நிறுவனம் கிளிசராலிலிருந்து மெத்தனால் செய்யும் இரண்டு லட்சம் டன் ஆலையைப் பெரும் ஆரவாரத்தோடு திறந்தது. சில ஆண்டுகளிலேயே கிளிசராலை விட்டுவிட்டு உயிரி மீத்தேன் பக்கம் போய்விட்டது. வேதியியல் அங்கே தோற்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் என்று நம்பிய மூலப்பொருள் அப்படியே மலிவாக இருக்கவில்லை. எண்ணெயை ஹைட்ரஜனேற்றிச் செய்யும் புதுவகை டீசலில் கிளிசராலே வருவதில்லை. அந்த மூன்று கார்பனும் புரோப்பேனாகப் போய்விடுகின்றன. அந்த டீசல் பரவப் பரவ உபரியின் ஊற்றே வற்றும். அடுத்த பத்தாண்டில் மூலப்பொருள் இந்த விலைக்குக் கிடைக்குமா என்று தெரியாத தொழிலுக்குக் கடன் வாங்கச் சொல்வதுதான் கிளிசரால் ஆர்வலர்களின் அறிவுரை.

தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் எபிகுளோரோஹைட்ரின் தயாரித்தது. அது புரோப்பிலீன் வழி. இறக்குமதிச் சரக்கின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பத்தாண்டுகளுக்கு முன்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு அதே பொருளைக் கிளிசரால் வழியில் குஜராத் செய்கிறது. உடனே ‘பாருங்கள், கிளிசரால் வென்றுவிட்டது’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எபிக்ரல், கிராசிம், டிசிஎம் ஸ்ரீராம் மூன்றுக்கும் பொதுவானது என்ன? மூன்றும் உப்புநீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்பவை. காஸ்டிக்குக்கு ஆள் உண்டு. குளோரினை எங்கே தள்ளுவது என்பதுதான் அந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. ஒரு டன் எபிகுளோரோஹைட்ரின் முக்கால் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடையும் அதோடு காஸ்டிக்கையும் விழுங்குகிறது. அதாவது அந்த ஆலைகள் கிளிசராலுக்காகப் பிறந்தவை அல்ல, குளோரினுக்காகப் பிறந்தவை. அங்கே வேலை செய்யும் வினையூக்கியும் ஆய்வுக் கட்டுரைகளை நிரப்பும் பிளாட்டினமோ ருதேனியமோ கிடையாது. சாதாரணக் கரிம அமில வகைதான். உலகிலேயே கிளிசராலைப் பெருமளவில் உறிஞ்சிக்கொண்ட வேதித்தொழில் இதுதான். அதன் வெற்றியில் வினையூக்கிக்குக் கிடைக்கும் பங்கு சொற்பம். தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஆலை வர வேண்டுமென்றால் குளோரின் இருக்கும் மணலியிலோ மேட்டூரிலோ சாகுபுரத்திலோதான் வர முடியும்.

அடுத்தது அழுக்கு. நூறு கிலோ எண்ணெயோடு மெத்தனாலும் ஏறக்குறைய ஒரு கிலோ காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கிச் சூடாக்குவதுதான் ஊரில் நடக்கும் பயோடீசல் முறை. வேலை முடிந்ததும் டீசல் மேலே நிற்கும்; கிளிசரால் அடியில் இறங்கும். போட்ட காஸ்டிக் எங்கே போகும்? பெரும்பாலும் அதே அடிப்படிவுக்குத்தான். பத்துப் பதினைந்து கிலோ படிவில் ஒரு கிலோ காரம். பஜ்ஜிக் கடையில் நாலு நாள் கொதித்த எண்ணெய் என்றால் அதில் கட்டற்ற கொழுப்பு அமிலம் அதிகம். அதற்கென்று கூடுதலாகக் காஸ்டிக் போட வேண்டும். அது சோப்பாகி மறுபடியும் அடிப்படிவிலேயே சேரும். கடைசியில் டிரம்மில் நிற்பது பழுப்பு நிறக் கூழ். அதில் கிளிசரால் பாதியும் இருக்கலாம், முக்காலும் இருக்கலாம். மிச்சமெல்லாம் மெத்தனால், சோப்பு, உப்பு, தண்ணீர். இதைச் சுத்தப்படுத்த முதலில் அமிலம் விட்டுச் சோப்பை உடைக்க வேண்டும், பிறகு மெத்தனாலை ஆவியாக்கிப் பிடிக்க வேண்டும், கடைசியில் வெற்றிடத்தில் வடிக்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் கிளிசரால் 290 டிகிரியில்தான் கொதிக்கும், அதற்குள் சிதைந்துவிடும். செலவு அங்கேதான் இருக்கிறது.

கட்டுரைகளில் வருகிற வினையூக்கிகள் இந்தக் கூழைப் பார்த்தவையே அல்ல. ஆய்வகத்தில் பெரும்பாலும் பயன்படுவது புட்டியில் வாங்கிய 99 சதவீதக் கிளிசரால். அதை நீரில் கரைத்து, சியோலைட் மேலோ டங்ஸ்டன் அமிலம் ஏற்றிய சிலிக்கா மேலோ 300 டிகிரியில் ஓட்டினால் அக்ரிலிக் அமிலத்துக்கு முந்தைய படியான அக்ரோலின் அழகாக வரும். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எண்ணெய்ச் சட்டி காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடி அதே அக்ரோலின்தான். வடைக்கடைகள் வினையூக்கி இல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கின்றன. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. வினையூக்கியின் அமில மையங்கள்தான் வேலை செய்பவை. சோடியம் அயனி வந்து அவற்றில் உட்கார்ந்துகொண்டால் கதை முடிந்தது. குளோரைடு தாமிரத்தையும் நிக்கலையும் நஞ்சாக்கும். சோப்பு துளைகளை அடைக்கும். சுத்தமான கிளிசராலில்கூடச் சில மணி நேரத்திலேயே கரி படிந்து செயல்திறன் சரியத் தொடங்கும். எரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். பல கட்டுரைகள் ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் ஓட்டிய அளவோடு நின்றுவிடுகின்றன. ஆலை என்றால் எட்டாயிரம் மணி நேரம் ஓட வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றிப் பேசாத திட்ட அறிக்கையை வங்கி மேலாளர் நம்பலாம். நாம் நம்பக் கூடாது.

வேதியியல் வழியில் நல்ல வெற்றி ஒன்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சூப்பஸ் தாமிர-குரோமைட் வினையூக்கியில் கிளிசராலை ஹைட்ரஜனேற்றிப் புரோப்பிலீன் கிளைகாலாக்கும் முறைக்கு 2006-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது பெற்றார். பிறகு ஏடிஎம் நிறுவனம் இல்லினாயின் டெகேட்டரில் ஒரு லட்சம் டன் ஆலையும், பெல்ஜியத்தின் எர்ட்வெல்டேயில் ஓலியான் நிறுவனம் பிஏஎஸ்எஃப் தொழில்நுட்பத்தில் இருபதாயிரம் டன் ஆலையும் தொடங்கின. இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கவனியுங்கள். ஏடிஎம் உலகின் பெரிய எண்ணெய் வித்து வியாபாரிகளில் ஒருவர். ஓலியான் கொழுப்பு அமிலத் தொழிலில் ஊறியவர்கள். கிளிசராலைச் சுத்தம் செய்யும் சாதனமும் அனுபவமும் அவர்களிடம் முன்பே இருந்தன. வினையூக்கி கடைசியாகச் சேர்ந்த உறுப்பு.

இப்போது புதுக்கோட்டையின் கணக்குக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 16,18,345. இந்தியாவில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 19 கிலோ சமையல் எண்ணெய் சாப்பிடுகிறார். அந்தச் சராசரியை இங்கே பொருத்தினால் மாவட்டம் முழுதும் ஆண்டுக்கு முப்பதாயிரம் டன் எண்ணெய். அதில் எவ்வளவு பழைய எண்ணெயாகத் திரும்பக் கிடைக்கும்? வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயை யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. ஓட்டல், பேக்கரி, முறுக்கு மிக்சர் போடும் இடங்கள், கல்யாண மண்டபம், விராலிமலை மாத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் கேண்டீன்கள் இவைதான் வாய்ப்பு. தாராளமாக ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,500 டன். அதிலிருந்து வரும் கிளிசரால் 150 டன். ஐம்பதாயிரம் டன் தஹேஜ் ஆலை முழுமூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய அதே 150 டன்! நம் மாவட்டத்தின் ஓராண்டுக் கிளிசரால் அவர்களுக்கு ஒரு நாள் தீனி.

இந்த 150 டன்னை இங்கேயே புரோப்பிலீன் கிளைகாலாக்குவோம் என்றால் ஹைட்ரஜன் வேண்டும். வேதிச் சமன்பாட்டின்படி டன்னுக்கு 22 கிலோ. மொத்தம் மூன்றேகால் டன். வழக்கமான ஏழு கனமீட்டர் சிலிண்டரில் முக்கால் கிலோகூட இருக்காது. ஆண்டுக்கு ஐயாயிரம் சிலிண்டருக்கு மேல் லாரியில் ஏற்றிவர வேண்டும். உயர் அழுத்தக் கலன் வேண்டும். வெடிபொருள் உரிமம் வேண்டும். இவ்வளவும் செய்து கையில் வருவது நூற்றிருபது டன் சரக்கு. சென்னையில் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் புரோப்பிலீன் வழியில் இதே கிளைகாலைப் பல்லாண்டுகளாகச் செய்கிறது. பக்கத்திலேயே சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், வாங்கும் ஆள். தமிழ்நாட்டில் யாராவது கிளிசரால் வழியை முயல்வதென்றால் அந்த வாசலில்தான் முயல வேண்டும். ஆலங்குடியிலோ கந்தர்வகோட்டையிலோ அல்ல.

‘பெருஞ்சரக்கு வேண்டாம், விலை உயர்ந்த நுண்பொருள் செய்வோம்’ என்பது இன்னொரு பதில். கிளிசரால் கார்பனேட், சோல்கெட்டால், டைஹைட்ராக்சி அசிட்டோன் என்று பட்டியல் நீளும். விலை ஏன் உயர்ந்திருக்கிறது? சந்தை சிறிது என்பதால். சந்தை சிறிதாக இருப்பதால் வாங்குபவர்கள் சிலர். அவர்கள் மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் தரச் சான்று கேட்பார்கள். பஜ்ஜி எண்ணெயிலிருந்து வந்த கிளிசராலில் செய்த டைஹைட்ராக்சி அசிட்டோனை எந்த அழகுப்பொருள் நிறுவனம் வாங்கும்? சோல்கெட்டாலுக்கு அசிட்டோனும் திட அமில வினையூக்கியும் போதும் என்பார்கள். அந்தத் திட அமிலத்தின் அயனிகளைக் கூழில் இருக்கும் சோடியம் வந்து மாற்றிவிடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எங்கே சுற்றினாலும் கேள்வி அழுக்கிலேயே வந்து முட்டுகிறது.

எல்லாம் குஜராத்துக்கும் மணலிக்குமே போகட்டும், நமக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறாயா என்று கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. புதுக்கோட்டை இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த வாக்குறுதிகளின் வரலாறும் நமக்குத் தெரியும். வனத்தோட்டக் கழகம் பல்லாயிரம் ஏக்கரில் தைலமரம் வைத்தது. காகித ஆலைக்கு மரம் போனது. கண்மாய்க்குத் தண்ணீர் வரத்துக் குறைந்தது என்று விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். 2003-ல் திட்டக் குழு 2011-12க்குள் டீசலில் இருபது சதவீதம் கலப்போம் என்று காட்டாமணக்கைக் கையில் எடுத்தது. தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடி வரை போனார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பெரே அரிசா மோன்டோபியோவும் சரத்சந்திர லேலேவும் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு, சொன்ன விளைச்சல் வரவில்லை, நட்டம் விவசாயி தலையில் விழுந்தது என்று காட்டியது. அந்தக் காட்டாமணக்குத் திட்டங்களிலும் கிளிசரால் வருமானம் ஒரு வரவாக எழுதப்பட்டிருந்தது. எண்ணெயே வராத இடத்தில் கிளிசரால் எங்கிருந்து வரும்?

பாதுகாப்பும் ஒரு கேள்வி. அக்ரோலின் முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட பொருள். எபிகுளோரோஹைட்ரின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுவது. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் பந்தலில் உட்கார்ந்த ஊர்க்காரர்கள் இவற்றைப் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? 2020-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இந்த மாவட்டத்தின் கறம்பக்குடி, திருவரங்குளம், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ‘பசுமை வேதியியல்’ என்ற முத்திரை ஒட்டியிருக்கிறது என்பதற்காக யாரும் கேள்வி கேட்பதை நிறுத்தப் போவதில்லை, நிறுத்தவும் கூடாது.

அப்படியானால் வினையூக்கி எங்கே உதவும்? கூழ் உண்டாவதற்குக் காரணம் கரைந்துபோகும் காஸ்டிக். கரையாத திட வினையூக்கியில் பயோடீசல் செய்தால் உப்பும் வராது, சோப்பும் வராது. கிளிசரால் சுத்தமாக இறங்கும். பிரெஞ்சு நிறுவனமான ஆக்சென்ஸின் துத்தநாக-அலுமினிய ஆக்சைடு வினையூக்கியில் 2006-ல் செத் நகரில் ஒரு பெரிய ஆலை தொடங்கி 98 சதவீதத்துக்கு மேல் தூய கிளிசரால் எடுத்தது. அதற்குச் சுத்தமான எண்ணெயும் உயர் அழுத்தமும் வேண்டும் என்பது குறை. ஏறத்தாழ அதே காலத்தில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் டி. ஸ்ரீனிவாஸும் சென்னை லயோலாவில் படித்து அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பால் ரத்தினசாமியும் இரும்பு-துத்தநாக இரட்டை சயனைடு வினையூக்கியைக் கொண்டுவந்தார்கள். தண்ணீரையும் கட்டற்ற கொழுப்பு அமிலத்தையும் அது தாங்கும். அதாவது பழைய எண்ணெயைத் தாங்கும். அந்தத் தொழில்நுட்பத்தை அமெரிக்காவின் பெனிஃபியூயல் நிறுவனம் எடுத்துச் சென்றது. நம் ஆய்வகம் கண்டுபிடித்ததை நம் சின்ன ஆலைகள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கிளிசராலை எப்படி மாற்றுவது என்று ஆயிரம் ஆய்வேடு எழுதும் நாட்டில், கிளிசராலை எப்படி அழுக்காக்காமல் பெறுவது என்ற கேள்விக்குக் கைதட்டல் குறைவு.

திட வினையூக்கி வரும்வரை செய்யக்கூடியவை எளிமையானவை. காஸ்டிக் சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு, பாஸ்பாரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் மிஞ்சும் உப்பு பொட்டாசியம் பாஸ்பேட், அது உரம். விலை கூடும், ஆனால் கழிவு குறையும். நிலக்கடலை போடும் மாவட்டத்தில் அதற்கு வாங்குபவர் உண்டு. மெத்தனாலை வடித்துப் பிடித்தால் மறுபடி டீசலுக்கே பயன்படும். பிடிக்காமல் விட்டால் கிணற்றில் போய்ச் சேரும். சோப்பை உடைத்து, எண்பது சதவீதம் வரை ஏற்றிய கச்சாக் கிளிசராலைப் பல சிறு ஆலைகள் ஒன்றுசேர்ந்து டேங்கரில் ஏற்றினால் காக்கிநாடா போன்ற இடங்களில் சுத்திகரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. அதற்கும் ஏறாத கடைசிக் கசடைச் சாண எரிவாயுக் கலனில் சிறிதளவு கலந்தால் வாயு கூடும். அளவு மீறினால் கலன் புளித்து நின்றுவிடும், ஆகவே கையை அடக்கிக் கலக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் எண்ணெய் கைக்கு வர வேண்டும். 2018 ஜூலை முதல் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய எண்ணெயைப் பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் தெருக்கடைகள் மொத்தமும் கணக்குக்கு வெளியே. பெரிய கடையில் கழித்த எண்ணெய் சின்னக் கடைக்கு விலைக்குப் போவது ஊருக்கே தெரிந்த ரகசியம். இந்த மாவட்டத்தில் கிளிசரால் தொழிலின் முதல் தடை வினையூக்கி அல்ல, எண்ணெய் சேகரிக்கும் வண்டி.

கல்லூரிகளுக்கு வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. இதைவிட உருப்படியான வேலை இருக்கிறது. புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரியின் வேதியியல் மாணவர் புட்டிக் கிளிசராலை வாங்கி உலகம் இருபது ஆண்டுகளாகச் செய்த சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. பக்கத்து ஊர் டிரம்மிலிருந்து எடுத்த கூழில் சோடியம் எவ்வளவு, சோப்பு எவ்வளவு, மெத்தனால் எவ்வளவு, மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று அளந்தால் அது யாரிடமும் இல்லாத தரவு. உப்பை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் சவ்வு முறைகளை முயல, பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வினையூக்கியைத்தான் ஆராய்வேன் என்பவர் அந்த நிஜக் கூழை நூறு மணி நேரம் ஓட்டி, எத்தனையாவது மணியில் செத்தது என்று எழுதட்டும். தோல்வியை எண்ணோடு எழுதிய அந்தக் கட்டுரை, ‘சிறந்த தேர்வுத்திறன்’ என்று முடியும் பத்துக் கட்டுரைகளுக்கு மேல்.

உபரிக் கிளிசரால் என்று ஆரம்பிக்கும் திட்டத்தோடு யார் வந்தாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான். எந்த நாட்டின் உபரி, எந்த ஆண்டின் உபரி? உங்கள் வினையூக்கி குடித்தது புட்டிக் கிளிசராலா, டிரம் கிளிசராலா? எத்தனை மணி நேரம் தாங்கியது? ஹைட்ரஜனோ குளோரினோ எங்கிருந்து வரும்? 150 டன்னில் உங்கள் வட்டி கட்டுமா? இவற்றுக்குப் பதில் இருந்தால் நிலமும் கொடுப்போம், மானியமும் கேட்போம். இல்லையென்றால் அந்தப் பணத்தை எண்ணெய் சேகரிப்புக்கும் மெத்தனால் மீட்புக்கும் திட வினையூக்கியில் ஓடும் ஒரு சோதனை டீசல் ஆலைக்கும் கொடுங்கள். கூழ் சுத்தமானால் அதை விற்கச் சிரமம் இராது; சோப்பும் மருந்தும் ரெசினும் செய்பவர்கள் தாங்களாகவே விலை கேட்டு வருவார்கள்.